திரும்ப இடம் வேண்டும்: மலையில் விழும் ஹெலிகாப்டர்கள் பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

திங்கள்சந்தை டீக்கடையில் அருணாச்சல ஹெலிகாப்டர் விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். முப்பதுக்கு மேல் வந்திருக்கிறது. தெரியாதவர்களுக்காக: விமானப்படையில் எம்ஐ-8, எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் ஃபிளைட் இன்ஜினியராக இருந்தவன், அந்தப் பணிக்காலத்தில் பாதி வடகிழக்கில். விமானப்படை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் என் பெயர் 'பட்டாளம்'தான், அது போகட்டும்.

கேள்விகளில் அடிக்கடி வரும் அருணாச்சல ஹெலிகாப்டர் விபத்துகள் மூன்று. 2017 அக்டோபர் 6, தவாங் பக்கம் எம்ஐ-17, ஏழு பேர். 2022 அக்டோபர் 21, சியாங் பள்ளத்தாக்கில் மிக்கிங் கிராமத்துக்கு அருகே ராணுவத்தின் ருத்ரா, ஐந்து பேர். 2023 மார்ச் 16, மண்டலா பக்கம் சீட்டா, இரண்டு பேர். அதில் ஒருவர் நம் தேனி மாவட்டத்து மேஜர் ஜெயந்த்.

மார்த்தாண்டம், இன்ஜினியரிங் மாணவர்: அண்ணே, அருணாச்சலத்தில் மட்டும் ஏன் இத்தனை ஹெலிகாப்டர் விழுகிறது?

அங்கே மட்டும் இல்லை தம்பி. 2013 ஜூன் 25 அன்று உத்தரகண்ட் வெள்ள மீட்பில் கௌரிகுண்ட் பக்கம் ஒரு எம்ஐ-17 விழுந்து 20 பேர் போனார்கள். மாநிலம் எதுவானாலும் மலைதான் பிரச்சினை.

முதலில் காற்று. 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். விசிறி இறக்கை தள்ளுவதற்கும் காற்று குறைவு, இன்ஜின் மூச்சு விடுவதற்கும் குறைவு. கீழே நாலு டன் தூக்குகிற வண்டிக்கு மேலே போகும்போது மூட்டை மூட்டையாக எடை பார்த்து ஏற்றுவோம். இன்னும் இரண்டு ஜவான்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று யாராவது கெஞ்சினால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடியாது என்று சொல்ல வேண்டியதிருக்கும்.

அடுத்தது மலைக்காற்று. இது நம் மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். ஆரல்வாய்மொழிக் கணவாய் என்ன செய்கிறது? பரந்து வருகிற காற்றை இரண்டு மலைக்கு நடுவே நெருக்கி வேகமாக்கி விடுகிறது. இமயமலையில் அந்த மாதிரிக் கணவாய் திரும்பின பக்கமெல்லாம் இருக்கிறது. வெயில் ஏற ஏற, வெயில் படுகிற சரிவில் காற்று மேலே ஏறும், மலை முகட்டைத் தாண்டி மறுபக்கம் கீழே இறங்கும். அந்த இறங்குகிற காற்றுக்குள் மாட்டினால் முழு பவர் கொடுத்தும் வண்டி கீழே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் விடியற்காலையில் கிளம்பி முற்பகலுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு.

மூன்றாவது, பள்ளத்தாக்கு. எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது: பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதே, ஒரு ஓரத்தை ஒட்டிப் பற. நடுவில் போனால் திரும்புவதற்குப் பாதி அகலம்தான் கிடைக்கும், ஓரத்தில் போனால் முழு அகலமும் உனக்கு. முன்னால் மேகம் அடைத்துவிட்டால் திரும்பி வர இடம் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள், கீழே ஒரு சண்டையில் திரும்ப வரும்.

கருங்கல்: சீனா சுட்டதா?

இல்லை.

இரணியல்: கறுப்புப் பெட்டி கிடைத்தால் ஒரு வாரத்தில் காரணம் தெரிந்துவிடாதா?

முதலில் அது ஆரஞ்சு நிறம், காட்டில் தேடினால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. ஒரு வாரமெல்லாம் போதாது. பதிவைப் படிக்க வேண்டும், உடைந்த ஒவ்வொரு துண்டும் விழுவதற்கு முன் உடைந்ததா விழுந்ததால் உடைந்ததா என்று பார்க்க வேண்டும். அந்தத் துண்டுகளை எடுத்து வருவதே ஒரு வேலை. மிக்கிங் விபத்து நடந்த இடத்துக்குச் சாலையே கிடையாது. அப்புறம், ராணுவ விமான விபத்துகளைப் படைகளே விசாரணைக் குழு வைத்து விசாரிக்கும், பயணிகள் விமானம் மாதிரி முழு அறிக்கை வெளியே வருவதில்லை. அதில் எனக்கும் வருத்தம் உண்டு.

குலசேகரம், ரப்பர் வியாபாரி: எல்லாம் மேகத்தால்தான் என்கிறார்களே?

எல்லாம் இல்லை. மிக்கிங்கில் அன்று வானிலை நன்றாக இருந்தது என்று ராணுவமே சொன்னது. விழுவதற்கு முன் விமானிகள் 'மேடே' என்று அபாய அழைப்பு கொடுத்தார்கள், தொழில்நுட்பக் கோளாறு என்று. தவாங் 2017 இன்னொரு வகை. மேலே இருக்கிற முகாமுக்கு மண்ணெண்ணெய் கேன்களைப் பாராசூட் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு பாராசூட் போய் வால் விசிறியில் சிக்கியது என்று அப்போது செய்தி வந்தது. பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறிதான். அது போனால் பம்பரம்.

அந்த ஏழு பேரின் உடல்களும் அட்டையில் சுற்றிக் கிடத்தப்பட்டிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்ணெண்ணெய்க்குப் பாராசூட் கொண்டுபோக முடிந்தது, மனிதனை மூட நல்ல பை இல்லை. அதற்கு மேல் எழுதினால் கோபம் வரும்.

தக்கலை: அண்ணே, இந்த வீடியோ அருணாச்சல விபத்தா? (இதே கேள்வி ஆறு பேர்.)

இல்லை. நீங்கள் அனுப்பியதில் நிற்கும் ஆட்களின் சீருடையைப் பாருங்கள், நம் நாடே இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் எங்கோ எப்போதோ விழுந்த ஹெலிகாப்டரைப் புதிதாக விழ வைக்கிறார்கள். ஒன்று சொல்கிறேன். என்னோடு இருந்த ஒருவர் வடக்கே விபத்தில் போனார், பல வருடம் முன்பு. அதிகாரி வந்து வீட்டுப்படி ஏறுவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு ஓடி வந்து அந்த அம்மாவிடம் கேட்டாராம், "உங்க வீட்டுக்காரர் அந்த வண்டியிலா இருந்தார்?" என்று. அந்த அம்மா அப்போது மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தகவல் போகும்வரை பெயரையும் படத்தையும் பரப்பாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

நாகர்கோவில்: போர் விமானம் மாதிரி சீட்டோடு வெளியே குதிக்க முடியாதா? (நாலு பேர்.)

தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது, எங்கே குதிப்பது? ரஷ்யாவில் ஓரிரு வகையில் முதலில் விசிறி இறக்கைகளை வெடித்துக் கழற்றிவிட்டு அப்புறம் விமானியை வெளியே எறிகிற ஏற்பாடு உண்டு. நம்மிடம் இல்லை. ஆனால் இன்ஜின் நின்றால் கல்லு மாதிரி விழும் என்பதும் தப்பு. இறங்கும்போது கீழிருந்து வருகிற காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும், அதை வைத்து மெதுவாக இறக்கலாம். இறக்குவதற்குக் கீழே ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவாவது சமதரை வேண்டும். அருணாச்சலத்தில் காடும் செங்குத்தும்தான்.

குழித்துறை: சீட்டா பழைய வண்டிதானே, ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்?

பிரெஞ்சு 'லாமா'வை உரிமம் வாங்கி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது. 1972-ல் அந்த லாமா 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை வைத்தது. மெலிந்த காற்றில் அதைப் போல் ஏறும் குதிரை கிடைப்பது கஷ்டம், சியாச்சினில் எத்தனை உயிரை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறது என்று அங்கே இருந்தவனைக் கேளுங்கள். ஆனால் ஒற்றை இன்ஜின், வானிலை ரேடார் கிடையாது, தானியங்கிக் கருவி கிடையாது, எல்லாம் விமானியின் கண்ணும் கையும். மாற்றுவதற்கு 2015-ல் ரஷ்யாவோடு காமோவ்-226 ஹெலிகாப்டர் 200 வேண்டும் என்று பேசினார்கள், நகரவில்லை. பிறகு நம் நாட்டிலேயே இலகு ஹெலிகாப்டர் செய்திருக்கிறோம். வண்டி நல்ல வண்டிதான், ஓய்வு கொடுக்க வேண்டிய வயதைத் தாண்டிவிட்டது.

தூத்தூர், விசைப்படகு டிரைவர்: நாங்கள் படிக்காதவர்கள். மானம் கறுத்தால் வலையை அறுத்துவிட்டாவது திரும்புவோம். இவ்வளவு படித்த பைலட் ஏன் திரும்பவில்லை? தப்பு அவர்களுடையதுதானே?

இதைப் பார்த்ததும் குளச்சலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், செத்தவர்களைக் குறை சொல்லாதே என்று பாய்ந்துவிட்டார், ஏழெட்டுப் பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அவரை விடுங்கள் சார், நியாயமான கேள்வி. வந்ததிலேயே இதுதான் கேள்வி.

குன்னூரை எடுத்துக்கொள்வோம், அது நம் மாநிலத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்ஐ-17, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விசாரணைக் குழு என்ன சொன்னது? இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போய்விட்டார்கள், திசை உணர்வு தடுமாறியது, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே தரையில் மோதியது. மூன்று வருடம் கழித்து நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு அறிக்கையில் ஒரு அட்டவணை வந்தது: 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள். அதில் குன்னூருக்கு நேரே காரணம், 'மனிதத் தவறு, விமானக் குழு'. அவ்வளவுதான், ஒரு வரி. இரண்டும் ஒரே விபத்து அண்ணாச்சி. முதலாவதைப் படித்தால் பாவம் என்று தோன்றும், இரண்டாவதைப் படித்தால் உங்களை மாதிரிக் கேட்கத் தோன்றும்.

திசை உணர்வு தடுமாறுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எம்ஐ-8-ல் இரண்டு விமானிக்கும் நடுவே, வாசலில் மடக்கு இருக்கை போட்டு உட்காருவது நாங்கள்தான். ஒரு நாள் திருப்பத்தில் மேகத்துக்குள் போய்விட்டோம். அரை நிமிடம் இருக்கும். வண்டி இடதுபக்கம் சாய்கிறது என்று என் உடம்பு சத்தியம் பண்ணுகிறது, முன்னால் இருக்கும் கருவி நேராக இருக்கிறோம் என்கிறது. காதுக்குள் இருக்கும் தண்ணீர் பொய் சொல்லும், கருவி சொல்லாது, பாடத்தில் நூறு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் கை தானாக வலதுபக்கக் கம்பியைப் பிடித்தது. கேப்டன் கருவியை நம்பினார், ஓரத்தில் பறந்ததால் இடம் இருந்தது, திரும்பினோம்.

தளத்தில் இறங்கியதும் முதல் கேள்வி என்ன தெரியுமா? சாமான் ஏன் போய்ச் சேரவில்லை. யாரும் திட்டவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த நாளும் மேகம், திரும்பினால் இன்னொரு தடவை கேட்பார்கள். மேலே ஒரு முகாமில் ரேஷன் தீருகிறது, ஒரு பையனுக்கு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. மூன்றாவது நாள் முன்னால் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிற மாதிரி இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் போய்ப் பார்ப்போமே என்றுதான் மனம் சொல்லும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் அட்டவணையில் 'மனிதத் தவறு' என்று பெயர்.

தூத்தூர், அதே டிரைவர்: அது எங்களுக்கும் உண்டு. வெறும் பெட்டியோடு வந்தால் முதலாளி டீசல் கணக்குக் கேட்பார். ஆனால் 2017 ஒக்கி புயலில் எங்களைத் தேடி ஹெலிகாப்டர் ஆழ்கடலுக்கு வரவில்லையே, அது யார் தவறு?

இதற்கு அப்புறம் வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை எல்லாம் வந்து சேர்ந்து, அருணாச்சலத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, அந்த நவம்பர் 30 எந்த வீட்டில்தான் முடிந்திருக்கிறது.

கணக்கை மட்டும் சொல்கிறேன். மூன்று மணி நேர எரிபொருள், மணிக்கு 120 கடல்மைல் வேகம் என்று வையுங்கள். கரையிலிருந்து 100 கடல்மைல் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது. கையிருப்புக்கு இருபது முப்பது நிமிடத்தை ஒதுக்கினால் தேடுவதற்கு ஐம்பது அறுபது நிமிடம்தான் மிச்சம். அதற்கு அப்பால் கப்பல் தளத்திலிருந்து பறந்தால்தான் உண்டு. நீங்கள் பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போகிற இடமோ அதைத் தாண்டி. ஆக, கரையிலிருந்து கிளம்புகிற ஹெலிகாப்டரால் முடியாது என்பது உண்மை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது, எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று கேட்டீர்கள், முதல் நாட்களில் அதற்குக் காது கொடுக்கவில்லை என்ற உங்கள் ஆத்திரத்தில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இதை இதோடு நிறுத்திக்கொள்வோம், தேங்காப்பட்டணம் வரும்போது நேரில் பேசலாம்.

அருமனை: ஓய்வூதியம் எவ்வளவு வரும்?

பணியில் விபத்து என்றால் ஒரு வகை, போர்ச் சூழலில் என்றால் வேறு வகை, தொகை மாறும். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, தாள்களோடு அங்கே போங்கள். இடைத்தரகருக்குப் பைசா கொடுக்காதீர்கள்.

களியக்காவிளை: சீனா லேசர் அடித்து...

மேலே கருங்கல்காரருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

குளச்சல், ஒரு அம்மா: என் மகனுக்கு விமானப்படையில் டெக்னீஷியனாக ஆர்டர் வந்திருக்கிறது. இதையெல்லாம் படித்த பிறகு அனுப்ப மனசு வரவில்லை.

அனுப்புங்கள் அக்கா. பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், என் அம்மா கடைசிவரை பயந்தாள். அவனுக்கு ஒன்று சொல்கிறேன். எம்ஐ-17 இறக்கையின் நடுத்தண்டுக்குள் காற்று அடைத்திருக்கும். விரிசல் விட்டால் காற்று இறங்கி, இறக்கை அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழில் சிவப்பு வளையம் தெரியும். விடியற்காலைக் குளிரில், கை மரத்துப்போய், ஐந்து இறக்கைக்கும் ஏறி அந்தக் குமிழைப் பார்க்க வேண்டும். நாலைப் பார்த்துவிட்டு ஐந்தாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று இறங்குகிறவன் இருக்கிறான். உங்கள் மகன் ஐந்தையும் பார்க்கட்டும்.

தக்கலை: வேறு வீடியோ அனுப்பியிருக்கிறேன், இதாவது...

வேண்டாம்.

திருவட்டாறு, ஏழாம் வகுப்பு: மாமா, ஹெலிகாப்டரில் ஜன்னல் திறக்க முடியுமா?

முடியும் மக்கா. விமானி பக்கத்துக் கண்ணாடி பின்னால் சறுக்கும். மேலே போனால் யாரும் திறக்க மாட்டார்கள், அப்படிக் குளிரும்.