மருத்துவச்சி ஆக என்ன படிக்க வேண்டும்? கேள்வி பதில்

அக்கா, மகள் சாதாரண நிலைத் தேர்வு எழுதியிருக்கிறாள். நேரே மருத்துவச்சிப் படிப்பில் சேரலாமா?

சிங்கப்பூரில் முதலில் தாதியாக வேண்டும். நன்யாங் அல்லது நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 3 ஆண்டுப் பட்டயம் படிக்கலாம். மேல்நிலை முடித்தவர்களுக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) தாதிமைப் பட்டம் இருக்கிறது. வார்டில் வேலை பழகிய பிறகுதான் மருத்துவச்சிக்கான மேற்படிப்பு. சுற்றுவழியாகத் தெரியும். ஆனால் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா எதுவும் இருக்கலாம். இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்த தாதி பதற மாட்டார்.

பிரிட்டனில் நேரடியாகப் படித்துவிட்டு வந்தால்?

அங்கே 3 ஆண்டு மருத்துவச்சிப் பட்டம் உண்டு. இங்கே வேலை பார்க்கச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தின் பதிவு வேண்டும். கட்டணம் கட்டுமுன் வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கும் இதையே சொல்வேன். இங்கே தாதியர் பதிவேடு வேறு, மருத்துவச்சியர் பதிவேடு வேறு.

எனக்குப் பச்சைக் குழந்தைகள் என்றால் உயிர். இந்தப் படிப்பு ஒத்துவருமா?

அந்தப் பிரியம் தாய் மேலும் இருக்கணும்மா. குழந்தை பிறந்து 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் அது எப்படி இருக்கிறது என்று பார்த்து ஆப்கார் மதிப்பெண் போடுவோம்: நிறம், நாடித்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் முகம் சுளிக்கிறதா என்பது. எல்லாரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கை தாயின் அடிவயிற்றில் இருக்க வேண்டும். கருப்பை சுருங்கி, உருண்டையாய்க் கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிம்மதி. மெத்தென்று இருந்தால் ரத்தப்போக்குக்கு அறிகுறி. உடனே ஆள் கூப்பிட்டு, கருப்பையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்தும் கொடுப்போம். நஞ்சுக்கொடியை விரித்து முழுசா வந்திருக்கிறதா என்றும் பார்க்கணும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காது. 500 மில்லியைத் தாண்டினாலே அது அதிகப்படியான ரத்தப்போக்கு. அந்த முதல் ஒரு மணி நேரத்தை மனசார விரும்புகிறவர்கள்தான் இந்த வேலைக்கு வரணும்.

டாக்டர்தானே பிரசவம் பார்க்கிறார்?

தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அதற்கு முன் மணிக்கணக்காக வலியோடு இருப்பவள் பக்கத்தில் நிற்பது நாம். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். அது இறங்குவதை முதலில் கவனித்து டாக்டரை வரவழைப்பதும் நாம்தான்.

அங்கே தமிழ் உதவுமா?

நிறைய. வலி ஏறினால் ஆங்கிலம் காதில் ஏறாது. “இப்ப முக்காதேம்மா, வாயைத் திறந்து ஊது” என்று சொன்னால் உடனே கேட்பார்கள். மலாயிலும் இதைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.