டிவி ரெக்கார்டரை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: ரெக்கார்டிங் வசதியுள்ள எங்கள் டிடிஎச் பாக்ஸ் பழுதாகி, வேறு பாக்ஸ் கொடுத்தார்கள். அம்மா பதிந்து வைத்திருந்த கச்சேரிகள் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. புது பாக்ஸிலும் ஓடவில்லை, கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை. வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் டியூனர் கார்டு வாங்கி, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் போட்டு நாமே ரெக்கார்டர் செய்யலாம் என்கிறான் தம்பி. எந்தக் கார்டு வாங்கலாம்?
- வாசகி, தென்காசி

பதில்: கார்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அம்மா பார்க்கும் சேனல் எதன் வழியாக வருகிறது என்று பாருங்கள். கட்டண டிடிஎச், டிஜிட்டல் கேபிள் இரண்டிலுமே சிக்னல் பூட்டித்தான் வருகிறது. சாவி அவர்கள் கொடுத்த பாக்ஸில் இருக்கிறது. எவ்வளவு விலையுள்ள டியூனர் வாங்கினாலும் கட்டணச் சேனல்கள் அதில் தெரியாது. பாக்ஸின் எச்டிஎம்ஐ வழியாகப் பிடிக்கலாம் என்றால் அங்கும் நகல் தடுப்பு உண்டு. பழைய பதிவுகளும் இப்படித்தான், அந்த ஒரு பாக்ஸோடு கட்டப்பட்டவை. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தம்பி சொல்லும் வழி நன்றாக வேலை செய்வது தூர்தர்ஷனின் டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில். மாதக் கட்டணம் கிடையாது. பூட்டில்லாமல் வரும் சேனல்களை டியூனர் நேரடியாக வாங்கிக்கொள்ளும். டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் திருப்ப வேண்டும், ஆள் வைத்துச் செய்வது நல்லது. அப்போதே இரண்டு அவுட்புட் உள்ள எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பகுதி) போடச் சொல்லுங்கள். ஒரே கேபிளைப் பிரித்து பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தால் இரண்டும் எல்என்பிக்கு வோல்டேஜ் அனுப்பி ஒன்றையொன்று குழப்பும்.

சரி, கார்டு. டிஷ் சிக்னலுக்கான டிவிபி-எஸ்2 என்று போட்டிருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் டிவிபி-டி யுஎஸ்பி ஸ்டிக் தரைவழி ஆன்டெனாவுக்கானது, டிஷ்ஷுக்கு உதவாது. டெஸ்க்டாப்பில் போடப்போகும் இலவச இயங்குதளமான லினக்ஸில் கார்டை இயக்கும் டிரைவர் இருக்கிறதா என்பதை மாடல் எண்ணோடு தேடிப் பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். பெட்டியில் 'லினக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

பதிவு செய்யும் மென்பொருளில் என் தேர்வு டிவிஹெட்எண்ட். இதே வேலைக்கான மித்டிவி 2002-லிருந்து இருக்கிறது, வசதிகளும் அதிகம், ஆனால் அமைப்பதற்குள் தம்பிக்குப் பொறுமை போய்விடும். டிவிஹெட்எண்டை பிரவுசரிலேயே அமைத்துவிடலாம். அம்மா பார்ப்பதற்கு டிவியில் கோடி (Kodi) என்ற பிளேயர் மென்பொருளைப் போட்டு இதோடு இணைத்தால் ரிமோட்டிலேயே எல்லாம் நடக்கும். ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசைப் பாதையில்) வரும் பல சேனல்களை ஒரு டியூனரே ஒரே நேரத்தில் பதியும். எனவே இரண்டாவது கார்டுக்கு அவசரப்படாதீர்கள். நிகழ்ச்சி முன்பின்னாகத் தொடங்கும் என்பதால் பதிவு நேரத்துக்கு இரு பக்கமும் பத்து நிமிடம் கூட்டி வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் தாங்குமா என்ற கவலை வேண்டாம். ஏற்கெனவே சுருக்கி வரும் படத்தை அப்படியே டிஸ்கில் எழுதுவதுதான் அதன் வேலை. நொடிக்கு 3 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி பிடிக்கும். 1 டிபி டிஸ்கில் 700 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும்.

கரன்ட்தான் யோசிக்க வேண்டிய விஷயம். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை இரவும் பகலும் ஓட விட்டால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏறும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். பதிவு நேரத்துக்கு மட்டும் தானாக எழும்படி அமையுங்கள், அல்லது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், யுஎஸ்பி டியூனர் என்று போங்கள். அது டெஸ்க்டாப்பைவிட மிகக் குறைவாகவே இழுக்கும்.

அம்மாவுக்கு டிடி தமிழ் கச்சேரி மட்டும் போதும் என்றால் இத்தனையும் தேவையில்லை. யுஎஸ்பியில் பதியும் ஃப்ரீ டிஷ் பாக்ஸ்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஒரு பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து, அதை ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் வாங்குங்கள்.