கணினியில் அடுத்த சொல்லைத் தானே காட்டும் வசதியால் தட்டச்சு வேகம் கூடுமா? தமிழுக்கும் பயன்படுமா?

கூடும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. உங்கள் இப்போதைய வேகத்தைப் பொறுத்து இது கைகொடுக்கும் அல்லது காலை வாரிவிடும். அதனால் எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 1,68,000 பேரின் தட்டச்சை அளந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 52 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து விசை என்று வைத்தால் நிமிடத்துக்கு 260 விசை, அதாவது ஒரு விசைக்குக் கால் நொடிகூட ஆவதில்லை. பரிந்துரைப் பட்டியலுக்குக் கண் போய்த் திரும்ப அரை நொடி ஆகிறது என்று வையுங்கள். இரண்டு விசைகளின் நேரம் அங்கேயே போயிற்று. அம்பு விசை, என்டர் என்று தேர்ந்தெடுக்க இன்னும் இரண்டு மூன்று. ஆக, ஐந்து எழுத்துக்கு மேல் மிச்சப்படுத்தாத எந்தப் பரிந்துரையும் நஷ்டம்தான். நிமிடத்துக்கு 15 சொல் அடிப்பவருக்கோ ஒரு விசைக்கே 0.8 நொடி ஆகிறது. அவருக்குப் பட்டியல் நல்ல லாபம். எழுத்துக்கூட்டலில் தடுமாறுபவர்களுக்கும், கை நோவோ இயக்கக் குறைபாடோ உள்ளவர்களுக்கும் வேகம் கூடாவிட்டாலும் விசை எண்ணிக்கை குறைவதே பெரிய உதவி.

ஆங்கிலத்துக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்குவேஜ் → டைப்பிங் போய், விசைப்பலகையில் அடிக்கும்போது பரிந்துரை காட்டும் பொத்தானை இயக்குங்கள். கர்சருக்கு அருகே சில சொற்கள் வரும். மேல் அம்பு அழுத்தி உள்ளே போய், இட வல அம்புகளால் நகர்ந்து, என்டர் அடிக்க வேண்டும். எல்லா மென்பொருளிலும் இது தோன்றாது. புதிய வேர்டில் தனி வசதி உண்டு: மீதிச் சொல் சாம்பல் நிறத்தில் அதே வரியிலேயே தெரியும், டேப் அடித்தால் ஏற்கும், எஸ்கேப் அடித்தால் மறையும். கண் வரியை விட்டு நகர வேண்டியதில்லை என்பதால் விண்டோஸ் பட்டியைவிட இதுவே மேல் என்பேன்.

தமிழில் சிக்கல் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. 'வீடு' என்ற ஒரு சொல் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே என்று நீண்டுகொண்டே போகும். சொற்பட்டியலை வைத்து ஊகிக்கும் மென்பொருள் வேரைச் சரியாகப் பிடித்தாலும் விகுதியில் தவறும். நீங்கள் ஏற்றுக்கொண்டு, பின்னால் போய் அழித்து, திருத்தி... மிச்சமானதெல்லாம் திரும்பப் போய்விடும். விண்டோஸில் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வரும் 'தமிழ் ஃபொனெடிக்' விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடிப்பதற்கு ஏற்பத் தமிழ்ச் சொற்களைக் காட்டும். தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் இந்த விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை தெரியாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். தமிழ்99 கை பழகியவர் இதற்கு மாற வேண்டாம், வேகம் குறையும்.

பலரும் கவனிக்காத ஒன்று, வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இருக்கிறது. டூல்ஸ் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் → வேர்ட் கம்ப்ளீஷன். நீங்கள் அடித்த சொற்களையே இது சேகரித்துக்கொள்வதால் எந்த மொழியானாலும் சரி, உங்கள் விகுதிகளும் அப்படியே சேரும். இயல்பாக என்டர் விசைதான் சொல்லை ஏற்கும். பத்தி முடிக்க என்டர் அடிக்கும்போது வேண்டாத சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை டேப் அல்லது வல அம்பு என மாற்றுங்கள். குறைந்தபட்சச் சொல்நீளம் 8 என்றிருக்கும். இங்கே நீளம் என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல, யூனிகோடு குறிகள்: 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி. அதனால் தமிழுக்கு 10 அல்லது 12 வைத்தால்தான் சின்னச் சொற்கள் குறுக்கே வராது. ஆவணத்தை மூடும்போது சேகரித்த சொற்களை நீக்கும் தேர்வுக்குறியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் புதிதாகக் கற்கும்; எடுத்தாலும் லிப்ரே ஆபிஸை முழுவதும் மூடும் வரைதான் அந்தச் சொற்கள் நிற்கும்.

லினக்ஸ் வைத்திருந்தால் ஐபஸ் டைப்பிங் பூஸ்டர் என்ற பரிந்துரை மென்பொருள் இதைவிடச் சிறந்தது. தமிழ்99 முறையிலேயே அடிக்கலாம், எல்லா மென்பொருளிலும் வேலை செய்யும், நீங்கள் முன்பு எழுதிய உரைக்கோப்பைக் கொடுத்துப் பழக்கவும் முடியும்.

இனி முக்கியமான பகுதி. அலுவலகக் கடிதம், அறிக்கை என்று ஒரே தொடர்களைத் திரும்பத் திரும்ப அடிப்பவருக்கு ஊகிக்கும் மென்பொருளைவிடச் சுருக்கத்தை விரிக்கும் வசதி பல மடங்கு பயன் தரும். காரணம், அதற்குக் கண் தேவையில்லை. 'மாஆ' என்று அடித்தால் 'மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலக' என்று வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். திரையைப் பார்க்காமலே அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

வேர்டில் அந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஃப்3 அழுத்தி, பெயராக 'மாஆ' கொடுத்து, கேலரி என்ற இடத்தில் ஆட்டோடெக்ஸ்ட் என்று தேர்ந்து சேமியுங்கள். பிறகு 'மாஆ' அடித்து எஃப்3 தட்டினால் விரியும். 'அலுவலகம்' என்று முடிக்காமல் 'அலுவலக' என்று நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். ம், த்தில், த்துக்கு, த்திலிருந்து என எதையும் உடனே ஒட்டி அடிக்கலாம். தமிழில் சுருக்கம் வைப்பதில் இதுவே பாதி வித்தை. வேர்டை மூடும்போது பில்டிங் பிளாக்ஸ் (இப்படிச் சேமித்த தொடர்கள்) மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்று சேர்த்ததெல்லாம் போய்விடும்.

வேர்டில் பிழையைத் தானே திருத்தும் ஆட்டோகரெக்ட் பட்டியலிலும் சுருக்கம் சேர்க்கலாம். ஸ்பேஸ் அடித்ததும் தானே மாறும். சுருக்கம் 31 குறிகளுக்குள்ளும், வடிவமைப்பில்லாத விரிவு 255 குறிகளுக்குள்ளும் இருக்க வேண்டும். 'சேர்த்தேன், வேலை செய்யவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மொழி. இந்தப் பட்டியல் மொழிக்கு ஒன்று. ஆட்டோகரெக்ட் பெட்டியின் தலைப்பில் ஆங்கிலம் என்றிருக்கும்போது சேர்த்தது, தமிழ் என்று குறிக்கப்பட்ட பத்தியில் விரியாது.

எல்லா மென்பொருளிலும் சுருக்கம் விரிய வேண்டுமென்றால் விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருள் இருக்கிறது. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. வேர்ட் ஆவணத்தில் விழுந்த எழுத்தைப் பார்க்கிறது. ஆட்டோஹாட்கீ விசை அழுத்தத்தைப் பார்க்கிறது. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஆங்கிலச் சுருக்கம் பிடிபடாது; ஃபொனெடிக் முறையில் சொல் இன்னும் ஆவணத்தில் இறங்காமல் நிற்கும்போது சுருக்கத்தை அடித்தால் எழுத்துகள் சிதறும். அதனால் சமக்குறியும் எண்களும் கொண்ட சுருக்கமே பத்திரம், தமிழ்99-இல் எண் வரிசை மாறுவதில்லை. ஆட்டோஹாட்கீ கோப்பில் இப்படி ஒரு வரி:

:*:==01::மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலக

நட்சத்திரக் குறி, ஸ்பேஸுக்குக் காத்திராமல் உடனே விரிக்கச் சொல்கிறது. எண்களை 01, 02 என்று இரண்டு இலக்கமாகவே வையுங்கள்; ==1 என்று வைத்தால் ==12 அடிக்கும்போது முதல் எண்ணிலேயே விரிந்துவிடும். தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால், பழைய 1.1 பதிப்பில் கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறி) உள்ள யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை என்று பொருள். 2-ஆம் பதிப்பில் சாதாரண யூடிஎஃப்-8 போதும்.

முதல் வாரம் பத்துச் சுருக்கங்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐம்பது சேர்த்தால் நினைவுபடுத்தவே நின்று யோசிப்பீர்கள், கணக்கு மறுபடி நஷ்டத்தில் போகும். உண்மையான சொல் எதையும் சுருக்கமாக வைக்க வேண்டாம்: 'முக' என்று வைத்தால் 'முக வாட்டம்' என்று அடிக்கும்போது 'முகவரி வாட்டம்' ஆகிவிடும். கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றை எந்தச் சுருக்கத்திலும் வைக்காதீர்கள். இந்தக் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை; ஆட்டோஹாட்கீ கோப்பு வெறும் உரைதான். கணினியில் அடுத்து உட்காருபவர் திறந்து படித்துவிடலாம்.