கணினி கேள்வி பதில்: மீதி 24 பிக்சல் எங்கே?

கேள்வி: எங்கள் ஜமக்காள வியாபாரத்துக்கு நானே ஒரு வலைப்பக்கம் செய்து வருகிறேன். தலைப்புக்குக் கீழே 40 பிக்சல், அதை அடுத்த பத்திக்கு மேலே 24 பிக்சல் மார்ஜின் (வெளியே விடும் இடம்) கொடுத்தேன். 64 வர வேண்டிய இடத்தில் 40தான் வருகிறது. சிவப்புப் பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு தலைப்புக்கு மேலே மார்ஜின் விட்டால், தலைப்பு நகராமல் பெட்டியே கீழே இறங்குகிறது. என் கணினியில் கோளாறா?
– வாசகி, பவானி

பதில்: கணினியிலும் கோளாறில்லை, உங்கள் கையிலும் இல்லை, அம்மணி. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே இருக்கும் விதி இது. மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு பெட்டிகளின் மார்ஜின்கள் சந்தித்தால் அவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை. பெரியது நிற்கும், சிறியது அதற்குள் அடங்கிவிடும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு வரப்பா போடுகிறார்கள்? இடது, வலது மார்ஜின்களுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவை கூட்டப்படவே செய்யும்.

சிவப்புப் பெட்டியிலும் நடப்பது இதுதான். அந்தப் பெட்டிக்கு மேல்பக்கம் பேடிங்கும் (பெட்டிக்குள் விடும் இடம்) இல்லை, பார்டரும் (ஓரக்கோடு) இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் தலைப்பின் மார்ஜின் பெட்டியைத் தாண்டி வெளியே போய், பெட்டியின் மார்ஜினோடு சேர்ந்துவிடுகிறது. தலைப்பின் மேல் மார்ஜினைச் சுழியமாக்கிவிட்டு, பெட்டிக்கு 24 பிக்சல் பேடிங் கொடுங்கள். சிவப்பு அப்படியே விரிந்து, எழுத்து உள்ளே தள்ளி நிற்கும்.

எங்கே மார்ஜின், எங்கே பேடிங் என்று தடுமாறும்போது நிறத்தைக் கேளுங்கள். விடும் இடத்திலும் பெட்டியின் பின்னணி நிறம் பரவ வேண்டுமா? அப்படியானால் பேடிங். வேண்டாமா? மார்ஜின். குரோமில் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ எடுத்துப் பெட்டியின்மேல் சுட்டியை வைத்தால், மார்ஜின் ஆரஞ்சிலும் பேடிங் பச்சையிலும் தெரியும். ஊகிக்காமல் பார்த்தே முடிவு செய்யலாம்.

ஜமக்காளப் படங்களை வரிசையாக வைக்கும் இடத்தில் படத்துக்குப் படம் மார்ஜின் போடாதீர்கள். வெளிப்பெட்டியை கிரிட் (கட்டங்கள்) ஆக்கி, ‘கேப்’ (இடைவெளி) 16 பிக்சல் என்று ஒரே இடத்தில் எழுதுங்கள். படங்களுக்கு நடுவில் மட்டும் இடம் விழும், ஓரங்களில் விழாது. இடைவெளிக்காகப் பலர் வெற்று வரிகளைத் தட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரிய திரையில் அழகாக இருப்பது கைபேசியில் ஓட்டையாகத் தெரியும். அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதும் பெரும் வேலை.

கேள்வி: என் பக்கம் கைபேசியில் மட்டும் பக்கவாட்டில் நகர்கிறது. ஏன்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அகலம் 100 சதவீதம் என்று கொடுத்துவிட்டு, இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். 360 பிக்சல் திரையில் அந்தப் பெட்டி 400 ஆகிவிடும். பேடிங் அகலத்துக்கு வெளியே கூடுவதுதான் சிஎஸ்எஸ்ஸின் இயல்பு. எல்லாப் பெட்டிகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள், பேடிங் 360க்குள்ளேயே அடங்கும். அதன் பிறகும் நகர்ந்தால், திரையைவிட அகலமான படம் ஏதாவது இருக்கும். அதற்கு ‘மேக்ஸ்-விட்த்’ (உச்ச அகலம்) 100 சதவீதம் கொடுங்கள்.