வட சென்னைக்கு எம்.பி. சீட் கேட்பவர்களுக்குச் சில பதில்கள்

மக்களவைத் தேர்தல் நெருங்கினால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரே பேச்சுதான்: சீட் யாருக்கு? வேட்புமனு, பிரமாணப் பத்திரம், செலவுக் கணக்கு எல்லாம் தயாரித்துக் கொடுக்கும் வழக்கறிஞர் என்பதால் பல கட்சித் தோழர்களும் என்னிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். 2024 தேர்தலில் நடைமுறையில் இருந்ததை வைத்தே பதில் சொல்கிறேன். கட்டணங்களும் வரம்புகளும் மாறக்கூடியவை. அடுத்த அறிவிப்பு வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, வட்டச் செயலாளர்): ஐயா, இளைஞரணிக் காலத்திலிருந்து கட்சியில் இருக்கிறேன். விருப்ப மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பணம் எவ்வளவு ஆகும்? நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பதில்: 2024இல் தி.மு.க.வில் படிவத்துக்கு 2,000 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய். அ.தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு 20,000, தனித் தொகுதிக்கு 15,000. இது கட்சிக்குக் கட்டும் பணம். தேர்தல் ஆணையத்துக்குக் கட்டும் வைப்புத் தொகை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்த ஆண்டு உறுப்பினரானீர்கள், என்ன பொறுப்பு வகித்தீர்கள், எந்தப் போராட்டத்தில் சிறை சென்றீர்கள், எதிரணியில் யார் வருவார், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பவை வழக்கமான கேள்விகள். இவற்றுக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். நீங்கள் வேறொன்றைக் கையில் கொண்டு போங்கள். உங்கள் வட்டத்தில் எத்தனை வாக்குச்சாவடிகள், ஒவ்வொன்றிலும் கடந்த இரண்டு தேர்தல்களில் கட்சி வாங்கிய வாக்கு எவ்வளவு, எந்தச் சாவடியில் முகவர் பெயரளவுக்கு மட்டும் இருக்கிறார் என்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாவடிவாரி வாக்கு விவரம், அதாவது படிவம் 20, பொதுவில் கிடைக்கும் ஆவணம். பட்டியலில் இருக்கும் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள் பெயர்களைத் தெருவாரியாகக் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் பல நம் பக்கத்திலிருந்து போனவை. அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த வட்டச் செயலாளரைத் தலைமை எளிதில் மறக்காது.

கேள்வி (அதே தோழர்): நேர்காணலில் நன்றாகப் பேசினால் சீட் கிடைத்துவிடுமா?

பதில்: கிடைத்துவிடும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேர்காணலுக்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும் விஷயம் ஒன்று உண்டு: தொகுதி உங்கள் கட்சிக்கா, கூட்டணிக் கட்சிக்கா? 2009இல் அ.தி.மு.க. கூட்டணியில் வட சென்னை இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. தா. பாண்டியன் நின்று, டி.கே.எஸ். இளங்கோவனிடம் சுமார் 19 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். அதே பாண்டியன்தான் 1989இலும் 1991இலும் காங்கிரஸ் சின்னத்தில் இங்கே வென்றவர். 2014இல் அ.தி.மு.க. தானே நின்று வெங்கடேஷ் பாபுவை வெற்றிபெற வைத்தது. 2019இல் தே.மு.தி.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. 2024இல் மறுபடி தானே எடுத்துக்கொண்டு ராயபுரம் மனோவை நிறுத்தியது. இப்படித் தொகுதி கைமாறும்போது விருப்ப மனு கொடுத்த அந்தப் பகுதித் தோழர்களுக்குக் கேட்க வேட்பாளர் இடமே இல்லாமல் போய்விடுகிறது. தி.மு.க. பக்கம் நிலைமை வேறு. 1996 முதல் அந்தக் கட்சி இந்தத் தொகுதியை விட்டுத் தரவே இல்லை. அங்கே போட்டி முழுவதும் உட்கட்சிக்குள்தான்.

அதனால் பங்கீட்டுப் பேச்சு தொடங்கும் முன்பே உங்கள் மாவட்டச் செயலாளரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் நேரே தலைமைக்குப் போனால், போகும் இடத்தில் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

கேள்வி (மண்ணடி, துணி வியாபாரி): நாங்கள் காலங்காலமாக வட சென்னைக்காரர்கள். சீட் கேட்கும் எங்கள் நண்பருக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட முடியாது, பாய். மண்ணடி இருப்பது துறைமுகம் சட்டமன்றத் தொகுதியில். அது மத்திய சென்னையில் சேர்ந்தது. 2009 முதல் வட சென்னை மக்களவைத் தொகுதி என்றால் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்ற ஆறும்தான். வில்லிவாக்கமும் மத்திய சென்னை. மாதவரம் திருவள்ளூர் தொகுதி. முன்மொழிபவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். ஆனால் உங்கள் நண்பர் வேட்பாளராக நிற்பதற்குத் தடையில்லை. இந்தியாவில் எந்த மக்களவைத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். தம் பெயர் உள்ள பட்டியலின் சான்றிட்ட நகலை மட்டும் மனுவோடு வைக்க வேண்டும்.

கேள்வி (காசிமேடு, மீனவர் சங்க உறுப்பினர்): அப்படியானால் வெளியூர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து எங்கள் தொகுதியில் நிற்கலாமா? இது நியாயமா?

பதில்: சட்டப்படி நிற்கலாம். நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் எண்ணம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் கறுத்துப்போனதை நேரில் பார்த்தவர், நாடாளுமன்றத்தில் எழுந்து பேசும்போது குறிப்புத் தாளைத் தேட வேண்டியதில்லை. 1957இல் இங்கே வென்ற அந்தோணிப் பிள்ளை இலங்கையில் பிறந்தவர். ஆனால் பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு வேலைநிறுத்தத்தில் நின்றவர். எனவே பிறந்த ஊர் எனக்குப் பொருட்டல்ல. தொகுதியோடு நின்றாரா என்பதுதான் பொருட்டு. இதைக் கட்சிக்குள் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு இருக்க வேண்டும். ஆனால் வேட்பாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்தக் கட்சியையும் கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அது வரும்வரை, உங்கள் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றிப் பட்டியல் வெளியாகும் முன்பே எல்லாக் கட்சித் தலைமைக்கும் அனுப்புங்கள். வெளியான பிறகு அனுப்பினால் பயனில்லை.

கேள்வி (தண்டையார்பேட்டை, மகளிரணி நிர்வாகி): வீடு வீடாக வாக்குக் கேட்பது நாங்கள். சீட் மட்டும் ஆண்களுக்கு. பெண் என்று சொல்லி விருப்ப மனு கொடுத்தால் மதிப்பார்களா?

பதில்: சகோதரி, உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. அந்தோணிப் பிள்ளை, சீனிவாசன், நாஞ்சில் மனோகரன், ஆசைத்தம்பி, லட்சுமணன், சோமு, பாண்டியன், குப்புசாமி, இளங்கோவன், வெங்கடேஷ் பாபு, கலாநிதி வீராசாமி. 1957 முதல் வட சென்னை அனுப்பிய எல்லோரும் ஆண்கள். 2014இல் மார்க்சிஸ்ட் கட்சி உ. வாசுகியை நிறுத்தியது. 2019இலும் 2024இலும் நாம் தமிழர் கட்சி பெண்களை நிறுத்தியது. பெரிய இரண்டு கட்சிகள்தான் கண் திறக்கவில்லை. 2024இல் தி.மு.க. போட்டியிட்ட 21 இடங்களில் பெண்கள் மூவர்.

2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடம் தருகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று எழுதிவிட்டார்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். இப்போதே மனு கொடுங்கள், உங்கள் பெயரில் கொடுங்கள். கணவர் பெயரில் ஒன்று, துணைக்கு உங்கள் பெயரில் ஒன்று என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தொகுதியில் பத்துப் பெண்கள் தனித்தனியாக மனு கொடுத்து நேர்காணல் வரிசையில் நின்றால், அடுத்த முறையாவது ஒரு பெயரைப் பரிசீலிக்காமல் இருக்க முடியாது.

கேள்வி (வியாசர்பாடி, பட்டதாரி இளைஞர்): வட சென்னை பொதுத் தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்த நான் சீட் கேட்டால், 'உங்களுக்குத்தான் திருவள்ளூர் இருக்கிறதே' என்கிறார்கள்.

பதில்: தம்பி, அப்படிச் சொல்பவருக்குச் சட்டமும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை. பொதுத் தொகுதி எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டில் திருவள்ளூர் உட்படத் தனித் தொகுதிகள் ஏழு. அவற்றுக்கு வெளியே பட்டியல் சாதியினர் நிற்கக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. பொதுத் தொகுதியில் நின்றாலும் உங்களுக்கு வைப்புத் தொகை 25,000 அல்ல, 12,500தான். சாதிச் சான்றிதழை இணைத்தால் போதும். புளியந்தோப்பும் வியாசர்பாடியும் இத்தனை வாக்குகளைத் தரும் ஒரு தொகுதியில் அந்தப் பகுதிகளிலிருந்து ஒருவர் பெயர்கூடப் பேச்சில் வராதது கட்சிகளுக்கு அழகல்ல. படிவத்தில் தொகுதி என்ற இடத்தில் 'வட சென்னை' என்றே எழுதுங்கள்.

கேள்வி (பெரம்பூர், சிறுதொழில் செய்பவர்): 'எவ்வளவு செலவு செய்வீர்கள்' என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டை அடமானம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். மனைவி நகை, வீட்டுப் பத்திரம் இரண்டையும் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். தொகுதியில் ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள். தலைக்கு ஆறு ரூபாய் சொச்சம். 'வரம்புக்குள் இவ்வளவு என்னால் முடியும், மீதியைக் கட்சி பார்க்க வேண்டும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். முடிவு வெளியான 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தடை விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும்.

கேள்வி (எண்ணூர்): மறியலில் கலந்துகொண்டதற்காக என்மீது இரண்டு வழக்குகள் இருக்கின்றன. சீட் கேட்கத் தகுதி உண்டா?

பதில்: உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பது தகுதியிழப்பு ஆகாது. பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால்தான் சிக்கல். ஆனால் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குற்ற எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். மறைத்தால்தான் ஆபத்து. இந்த வழக்குகளைப் பற்றிப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் கொடுக்க வேண்டும்.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி, வழக்குள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான காரணத்தைக் கட்சி எழுத்தில் வெளியிட வேண்டும். வழக்கில்லாத வேறு ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். 'வெற்றி வாய்ப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. வேட்பாளர் தேர்வுக்குக் கட்சி காரணம் எழுத வேண்டிய ஒரே இடம் இதுதான். எல்லா வேட்பாளருக்கும் இதே கட்டாயம் வேண்டும் என்று நான் பல மேடைகளில் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன். உங்கள் வழக்குகள் எந்தப் போராட்டத்தில் வந்தவை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கட்சியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (கொளத்தூர்): பட்டியலில் பெயர் வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: மனுத்தாக்கல் கடைசி நாள் மாலை 3 மணி வரை நிம்மதி கிடையாது. நீங்கள்தான் கட்சியின் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் படிவம் 'ஏ', 'பி' இரண்டும் அதற்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போக வேண்டும். மையால் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். முத்திரைக் கையெழுத்தோ தொலைநகலோ செல்லாது. கட்சி மனம் மாறினால், அதே 3 மணிக்குள் பழைய 'பி' படிவத்தை ரத்து செய்து வேறு பெயருக்குப் புதிதாகக் கொடுக்கலாம். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். 'இல்லை' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுதுங்கள்.

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை): சீட் தரவில்லை என்றால் சுயேச்சையாக நின்றுவிடலாமா, வக்கீல் சார்?

பதில்: கட்சியிலிருந்து நீக்கப்படுவீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சுயேச்சை வெல்லவே முடியாது என்பதில்லை. 2017 டிசம்பரில் உங்கள் ஆர்.கே. நகரிலேயே டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றார். ஆனால் அது அசாதாரணமான சூழல், அதுவும் ஒரு சட்டமன்றத் தொகுதி. ஆறு தொகுதிகளில் புதுச் சின்னத்தை இரண்டு வாரத்தில் கொண்டுசேர்ப்பது வேறு வேலை.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். அதே 2017 இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தில்லை என்று சொன்னதால் நிராகரிக்கப்பட்டது. ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். நான்கிலும் வெவ்வேறு பத்துப் பேரைக் கையெழுத்திட வையுங்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களுடைய பாக எண்ணையும் வரிசை எண்ணையும் நீங்களே பார்த்து எழுதுங்கள். கையெழுத்தை உங்கள் கண்முன்னால் வாங்குங்கள். பரிசீலனை நாளன்று காலை 11 மணிக்கு, கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் அவர்கள் இருக்கட்டும்.