புதுக் கேமராவா, இரண்டு பலகையா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 லென்ஸும் உண்டு. பால்வீதியை எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுக்கிறது. பெரிய சென்சார் உள்ள புது ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். 30,000 ராண்ட் சேர்த்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. பூமி சுற்றுகிறது, அதனால்தான் கோடு. உங்கள் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, 15 விநாடிக்கு மேல் திறந்து வைத்தாலே நட்சத்திரம் நீளும். புதுக் கேமராவில் இருட்டுப் பகுதி சுத்தமாக வரும், விநாடியும் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். கோடு போகாது.

கோடு போக இரண்டு பலகையும் ஒரு கீலும் ஒரு மறைக் கம்பியும் போதும். பலகைகளை ஒரு ஓரத்தில் கீலால் இணைத்து, மேல்பலகையில் கேமராவை வையுங்கள். கம்பியைத் திருப்பினால் அது மேல்பலகையைத் தள்ளித் திறக்கும். எம்6 (6 மி.மீ. தடிமன்) மறைக் கம்பியில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். கீலின் அச்சிலிருந்து சரியாக 228.5 மி.மீ. தள்ளி அதைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். 15 விநாடிக்கு ஒரு கால் சுற்று, கையாலேயே போதும். இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலும் புள்ளி புள்ளியாகவே இருக்கும். கீலில் மட்டும் காசு பார்க்காதீர்கள். என் முதல் பலகையில் கீல் லேசாக ஆடியது, படத்தில் நட்சத்திரம் எல்லாம் சீரகம் போல விழுந்தன.

கீலின் அச்சு வானத்தின் தென்துருவத்தை, அதாவது நட்சத்திரங்கள் சுற்றுவதாகத் தெரியும் புள்ளியை, பார்க்க வேண்டும். டர்பனில் அது அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரம். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் உண்டு, நமக்கு அந்த வசதி இல்லை. திரிசங்கு என்னும் தெற்குச் சிலுவை நட்சத்திரக் கூட்டத்தின் நீளவாட்டை அதன் அடிப்பக்கமாக நாலரை மடங்கு நீட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அங்கேதான். தெற்கே பார்த்து நிற்கும்போது கீல் வலக்கைப் பக்கம் வர வேண்டும். வடக்கத்தியர் எழுதிய குறிப்பைப் பார்த்து இடப்பக்கம் வைத்தால் கோடு இரட்டிப்பாகும்.

அப்புறமும் பணம் செலவழிக்கத் தோன்றினால், எஃப்2.8 அல்லது அதைவிடத் திறந்த, அதாவது ஒளியை நிறைய விடும், அகலக் கோண லென்ஸ் ஒன்றைப் பழையதாகவே வாங்குங்கள். ஆனால் கடையில் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை சொல்லாமல் விற்ற பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. பழைய சரக்குக்கும் இது உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினால் கிடையாது.

ஆடி அமாவாசைக்குள் பலகையை முடித்துவிடுங்கள். அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு, மலையடிவாரத்து அண்டர்பர்க் ஊர்ப் பக்கம் நின்றால் பால்வீதியின் நடுப்பகுதி ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் இருக்கும். நமக்கு அப்போது குளிர்காலம், கம்பளி கொண்டு போங்கள்.