கிளிநொச்சி வீட்டு மீன் தொட்டிக்கு எந்தக் கண்டிஷனர்?

60 லீற்றர் தொட்டிக்கு எந்தக் கண்டிஷனரை, அதாவது தண்ணியை மீனுக்கு ஏற்றதாக்கும் மருந்தை, வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஊற்றுவது குழாய்த் தண்ணியா, கிணற்றுத் தண்ணியா என்று பாருங்கள். கண்டிஷனரின் முக்கிய வேலை குளோரினை முறிப்பது. குழாய்த் தண்ணிக்கு அது கட்டாயம் வேணும். சோடியம் தயோசல்பேட் உள்ள சாதாரண போத்தலே குளோரினுக்குப் போதும். குளோரமினையும் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது கிடைத்தால் அதையே எடுங்கள்.

கிணற்றுத் தண்ணியில் வழமையாகக் குளோரின் இராது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போடுவோமே, அந்த நாட்களில் கவனம். நான் அதை மறந்து இரண்டு வாளி அள்ளி ஊற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து, செவுள் படபடக்க வாயைத் திறந்து திறந்து மூடின. பாதியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் மனம் உறுத்துகிறது.

கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியத்தைச் சாதாரண கண்டிஷனர் குறைக்காது. அதற்கென்று காசைக் கரியாக்காதீர்கள். கப்பி, மொலி இரண்டுக்கும் அந்தத் தண்ணி நன்றாகவே ஒத்துவரும்.

மருந்தை வாளியிலேயே, போத்தலில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்துவிட்டு ஊற்றுங்கள்.